கரடிக்காதும் கோடை மழையும்

என் முதல் செடி செத்தது பிப்ரவரியில். ஜூலையில் அல்ல. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் மாதத்தைக் காதில் வாங்குவதில்லை. "ஆல்ப்ஸ் மலைச் செடியா? ஆப்பிரிக்காவில் அதற்குக் குளிர் போதாது" என்கிறார்கள் சிலர். "உறைபனியில் கருகியிருக்கும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை இரவுகளில், கொல்லைப்புற வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடுபோலப் பனிக்கட்டி படிந்த காலைகளில், அந்தச் செடி சிறு குறையும் இல்லாமல் குந்தியிருந்தது. வெயிலும் மழையும் சேர்ந்து வந்த மாதத்தில்தான் போய்ச் சேர்ந்தது. அதன் தொட்டியில் செருகியிருந்த பிளாஸ்டிக் அட்டையில் இரண்டே வரிகள்: ஆல்பைன் பிரிம்ரோஸ், கடுங்குளிரைத் தாங்கும். அந்த இரண்டாவது வரி பல வருடங்களாக என்னை விடவில்லை. அது பொய்யில்லை. ஆனால் இந்த ஊரில் அந்தச் செடியை வாங்கும் ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டிய செய்தி அதில் இல்லை.

நான் குன்னூர்க்காரி. கணவருக்குப் பால் பண்ணைகளில் கறவை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. அதனால் தென்னாப்பிரிக்காவில், முதலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பிறகு அண்டர்பெர்க்கிலும் குடியேறினோம். சானி கணவாய்க்குப் போகிறவர்கள் பெட்ரோல் போட நிற்கும் சிற்றூர் இது. உயரம் சுமார் 1,500 மீட்டர். மேற்கே டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் சுவர்போல நிற்கும். அதற்கு அப்பால் லெசோத்தோ நாடு. உறைபனி எனக்குப் புதிதல்ல. நீலகிரியில் ஒரே இரவில் தேயிலைச் சரிவு முழுவதும் கருகிப் பழுப்பாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். ஆகவே 2021ஆம் ஆண்டு குளிர்காலத்தில் சாலையோர நர்சரி ஒன்றில் இந்தச் செடியை வாங்கியதும், எனக்குத் தெரிந்த எதிரியிடமிருந்து அதைக் காப்பாற்றத் தொடங்கினேன். தினமும் மாலையில் கோணிச்சாக்கு போர்த்தினேன், காலையில் எடுத்தேன். செப்டம்பரில் பூத்தது. மங்கிய ஊதா இதழ்கள், நடுவில் பால்நிற வட்டம், கிட்டப் போனால் தேன் போன்ற மணம். சாக்கு போர்த்தியதால்தான் பிழைத்தது என்று முழுமனதாக நம்பினேன்.

பிப்ரவரி வந்தது. இங்கே மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் மேகம் கறுக்கும். நான்கு மணிக்கு இடி. ஐந்து மணிக்கு வெயில் திரும்பி மண்ணிலிருந்து ஆவி எழும். ஒரு நாள் செடியின் இலைகள் துவண்டு தொங்கின. தாகம் என்று நினைத்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் துவண்டிருந்தது, மறுபடியும் ஊற்றினேன். நான்காம் நாள் இலையைத் தொட்டபோது செடியின் தலை முழுவதும் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு பழுப்பாக, நசநசவென்று, மூடிய பையில் மறந்துபோன சேப்பங்கிழங்கின் நாற்றத்தோடு இருந்தது. வேர் அழுகிப்போன செடிக்குத் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் அது தாகத்தில் வாடுவது போலவே வாடும். அழுகலுக்கு மருந்தாக நான் ஊற்றியது அழுகலுக்குத் தீனி. இது அப்போது எனக்குத் தெரியாது.

பிரிம்ரோஸ் என்ற பெயரில் நான்கு செடிகள்

அடுத்த குளிர்காலத்தில் இன்னொன்று வாங்கப் புறப்பட்டபோதுதான், எதைத் தேடுகிறேன் என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது புரிந்தது. இந்த நாட்டில் பிரிம்ரோஸ் என்று கேட்டால் குறைந்தது நான்கு செடிகளைக் காட்டுவார்கள். 'கேப் பிரிம்ரோஸ்' என்று ஒன்று, அது ஸ்ட்ரெப்டோகார்பஸ். இந்த மண்ணின் சொந்தச் செடி, காட்டு நிழலில் பாறைமேல் வளர்வது. 1818இல் ஜேம்ஸ் போவி என்ற தாவரச் சேகரிப்பாளர் நைஸ்னா பக்கத்தில் ஜார்ஜ் ரெக்ஸ் என்பவரின் பண்ணையில் எடுத்த இனத்துக்கு அந்தப் பண்ணைக்காரரின் பெயரையே வைத்தார்கள். அழகான செடி. ஆனால் உண்மையான பிரிம்ரோஸ்களின் பிரிமுலா குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. காய் திருகாணிபோல முறுக்கியிருக்கும், அந்த முறுக்கிலேயே அடையாளம் தெரிந்துவிடும். அடுத்தது 'ஈவ்னிங் பிரிம்ரோஸ்', சாலையோரம் களையாக நிற்கும் ஈனோத்தெரா. அதற்கும் உறவில்லை. மூன்றாவது, குளிர்காலத்தில் எல்லா நர்சரிகளிலும் தட்டுத்தட்டாக விற்கும் பிரிமுலா மாலக்காய்டிஸ். சீனாவின் யுனானிலும் பர்மாவிலும் பிறந்த, மெல்லிய தண்டில் அடுக்கடுக்காகப் பூக்கும் உண்மையான பிரிமுலா. ஒரு பருவம் பூத்துவிட்டு முடிந்துபோகும். ஊட்டி மலர்க் கண்காட்சித் தொட்டிகளில் சின்ன வயதில் நான் பார்த்தது இதுதான் என்று நினைக்கிறேன். நான்காவதுதான் எனக்கு வேண்டியது: ஆல்ப்ஸ் பாறை இடுக்கில் பல ஆண்டுகள் வாழும் இனம்.

அந்த நான்காவதிலும் கிளைகள் உண்டு. சுண்ணாம்புப் பாறையில் வளரும் பிரிமுலா ஆரிகுலா மஞ்சளாகப் பூக்கும். இலை தடித்து வழவழப்பாக இருக்கும். சுண்ணாம்பில்லாத பாறைகளில் வளரும் பிரிமுலா ஹிர்சூட்டா இளஞ்சிவப்பாகப் பூக்கும்; இலையில் பிசுபிசுப்பான மயிர் இருக்கும், மாவு போன்ற வெள்ளைப் பூச்சு இருக்காது. கடல்சார் ஆல்ப்ஸின் பிரிமுலா மார்ஜினேட்டாவுக்கு இலையோரம் அரத்தின் பல்போல வெட்டுப்பட்டு, அந்த வெட்டுக்கு வெள்ளிக்கரை கட்டியது போல மாவு பூசியிருக்கும். முதல் இரண்டும் கலந்து பிறந்த கலப்பினம்தான் பியூபெசென்ஸ். பதினாறாம் நூற்றாண்டில் வியன்னாவில் கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் வளர்த்து ஐரோப்பாவுக்குப் பரப்பிய ஆரிகுலாக்களில் இந்தக் கலப்பினமும் ஒன்று. அது இயற்கையில் எங்கே பிறந்தது என்பதை அன்டோன் கெர்னர் என்ற தாவரவியலாளர் ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியின் ஒரு பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்க, மேலும் மூன்று நூற்றாண்டு ஆனது. ஆரிகுலா என்றால் லத்தீனில் சின்னக் காது. கரடியின் காது என்பது அதன் பழைய பெயர். தமிழில் இதற்குப் பெயர் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் கரடிக்காது என்றுதான் சொல்கிறோம். சொல்லிச் சொல்லி இப்போது அதுதான் பெயர்.

இவற்றை வேறு பிரிமுலாக்களிலிருந்து பூ இல்லாத காலத்தில் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. செடியின் நடுவில் புதிதாக எழும் குருத்து இலையைப் பாருங்கள். ஆல்ப்ஸ் ஆரிகுலாக் கூட்டத்தில் இலையின் இரண்டு ஓரங்களும் மேற்புறமாக, உள்நோக்கிச் சுருண்டிருக்கும். சுண்ணாம்பு தடவி மடிக்கத் தொடங்கிய வெற்றிலைபோல. ஐரோப்பியக் காட்டு பிரிம்ரோஸ், இமயமலையின் டென்டிகுலேட்டா போன்றவற்றில் ஓரங்கள் பின்புறமாகச் சுருண்டிருக்கும். அவ்வளவுதான். நர்சரிக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, குருத்து பொய் சொல்லாது. 2022 ஜூலையில் நான் குனிந்து குனிந்து குருத்துகளைப் பார்த்துத்தான் இரண்டாவது செடியை எடுத்தேன்.

சாம்பல் பூசணி

இரண்டாவது செடியின் இலையெல்லாம் வெள்ளை. முதல் செடி நான் வாங்குவதற்குள் நர்சரியில் தலைமேல் தண்ணீர் ஊற்றப்பட்டு, வெறும் பச்சையாக இருந்திருக்க வேண்டும். இதுவோ கூரைக்கு அடியில் வைத்திருந்த செடி. இலையின் மேலும் கீழும், பூங்காம்பிலும், நடுக்குருத்திலும் கோதுமை மாவைச் சலித்துத் தூவியது போல இருந்தது. எனக்குப் பதறிவிட்டது. குன்னூரில் அம்மா வளர்த்த ரோஜாக்களிலும் இங்கே என் பரங்கிக் கொடியிலும் சாம்பல் நோய் வந்து இலைகள் கருகியதைப் பார்த்தவள் நான். முதல் செடியை இழந்த பயம் வேறு. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். வாரம் இரண்டு முறை சமையல் சோடா கரைத்துத் தெளித்தேன். பூத்த பிறகும் நிறுத்தவில்லை. துடைத்த இலைகள் பச்சையாகப் பளபளத்தன. நடுவில் வரும் ஒவ்வொரு புது இலையும் மறுபடி வெள்ளையாக வந்தது. நோய் குருத்துக்குள் இறங்கிவிட்டது என்று முடிவு செய்து இன்னும் கவனமாகத் துடைத்தேன்.

நவம்பரில் ஆயா வந்தார். எனக்கு உறவல்ல, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். எண்பது வயதைத் தாண்டியவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. பேரப்பிள்ளைகள் யாருக்கும் தமிழ் வராது. அவருக்கு வரும், ஆனால் பேச ஆள் இல்லை. அதற்காகவே வருடத்துக்கு இரண்டு முறை மகன் காரில் கொண்டுவந்து எங்களிடம் ஒரு வாரம் விட்டுப்போவார். அவர் தமிழில் எங்கள் ஊரில் நான் கேட்டறியாத பழைய சொற்கள் வந்து விழும். வீட்டுத் தோட்டத்தில் கீரையும் மொச்சையும் போட்டு, கூடையில் சுமந்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கை அது. செடியைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

காலையில் நான் பஞ்சும் கிண்ணமுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "என்ன கண்ணு, குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல் கழுவுகிறாய்?" என்றார். நோய் என்றேன். அவர் தொட்டியைத் தன் மடிக்கு இழுத்தார். துடைக்காத குருத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை வழித்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழித்த தடத்தில் இலை பச்சையாக, நல்ல இறுக்கத்தோடு, ஒரு புள்ளி கறுப்பில்லாமல் இருந்தது. விரலில் ஒட்டிய மாவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். "நோய் என்றால் ஓர் இடத்தில் தொடங்கிப் பரவும். இங்கே வட்டம், அங்கே வட்டம் என்று இருக்கும். இது எங்கும் ஒரே சீராக இருக்கிறது. குருத்திலேயே இருக்கிறது. அடியில் இலை வாடவில்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "சாம்பல் பூசணிக்கு என்ன நோய், சொல்லு?"

நான் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தேன். சாம்பல் பூசணியை வாங்கும்போது அந்த வெண்மை கையில் ஒட்டினால்தான் நன்றாக முற்றிய காய் என்று எடுத்துப்போகிறோம். வாழை இலையின் அடிப்புறத்தை விரலால் வழித்தால் அப்படித்தான் வரும். முட்டைக்கோசின் மேல் தண்ணீர் உருண்டோடுவது எதனால்? இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவை. தெரிந்தும் இந்தச் செடியின் வெண்மையை மட்டும் நோயாகப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுச் செடி என்று மனம் அதை வேறு கணக்கில் வைத்துவிட்டது. நாலு மாதமாக நான் துடைத்தெறிந்தது அதன் தோல். அன்று மாலைதான் உட்கார்ந்து படித்தேன். இலையிலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்கள் இந்த மாவைச் சுரக்கின்றன. ஃபிளேவோன் வகைப் பொருள்கள்தான் அதன் பெரும்பகுதி. இங்கிலாந்தில் இந்த மாவுக்காகவே ஆரிகுலாக்களை வளர்த்துப் போட்டிக்கு வைத்திருக்கிறார்கள். மழைத்துளி பட்டால் மாவு கலைந்து இலை திட்டுத்திட்டாகும் என்பதால், பூக்கும் காலத்தில் கூரைபோட்ட மர அடுக்குகளில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆரிகுலா அரங்கு என்றே பெயர்.

மழைத்துளி என்ற அந்தச் சொல்லில்தான் என் மனம் நின்றுவிட்டது. மாவு கலையக்கூடாது என்பது போட்டிக்காரரின் கவலை. எனக்கு ஞாபகம் வந்தது பிப்ரவரியும், கையோடு வந்த தலையும், அந்த நாற்றமும்.

புத்தகத்தின் நாட்காட்டி

என்னிடம் இருந்த ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்னன: ஆல்பைன் செடிகளைக் குளிர்காலத்தில் மழையிலிருந்து மறையுங்கள், கோடையில் வெளியே நிழலில் வையுங்கள். நான் மாதங்களை மட்டும் மாற்றிக்கொண்டேன். அங்கே டிசம்பர் என்றால் இங்கே ஜூன். அப்படியே செய்தேன்: வாங்கிய ஜூலையில் திண்ணைக் கூரைக்கு அடியில், நவம்பரில் வெளியே பீச் மரத்தின் நிழலில். சரியாகத் தலைகீழாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் இங்கிலாந்தில் குளிர்காலம் ஈரமான காலம். இங்கே குளிர்காலம் வறண்ட காலம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை இந்த மலையடிவாரத்தில் புல் வைக்கோல் நிறத்தில் நிற்கும், காற்றில் உதடு வெடிக்கும், மழை என்பது அபூர்வம். செடியை நான் எந்த மழையிலிருந்தும் மறைக்கவில்லை. மழையே இல்லாத மாதங்களில் கூரைக்கு அடியில் வைத்துவிட்டு, மழை கொட்டும் மாதங்களில் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இதை எனக்குத் திட்டவட்டமாகப் புரியவைத்தது இந்த மலையின் சொந்தப் பூ ஒன்று. அந்த டிசம்பரில் ஆயாவின் மகனோடு சானி கணவாய்ப் பக்கம் போனோம். உச்சி 2,876 மீட்டர். அதுவரை போகவில்லை, பாதி வழியில் ஒரு புல்சரிவில் நின்றோம். காலடியில் நீர் கசியும் புல்லில் ரோடோஹைபாக்சிஸ் பூத்துக்கிடந்தது: விரல் உயரம்கூட இல்லாத செடி, இளஞ்சிவப்பு ஆறு இதழ், நடுக்கண் இல்லாமல் மூடிய பூ. ஊறிய பஞ்சுபோல ஈரமாக இருந்த மண்ணில் அது கொண்டாட்டமாக நின்றது. வீட்டுக்கு வந்து அதே ஆங்கிலப் புத்தகத்தில் அதன் பக்கத்தைத் திருப்பினேன். குளிர்காலத்தில் கண்ணாடிக்கு அடியில் உலர்வாக வையுங்கள், ஈரம் பட்டால் கிழங்கு அழுகும் என்று எழுதியிருந்தது. எங்கள் மலையில் குளிர்காலம் உலர்வானது என்பதை அங்கிருப்பவர்கள் புரிந்துகொண்டு, அந்த உலர்வைக் கண்ணாடி போட்டு உண்டாக்குகிறார்கள். அப்படியானால் ஆல்ப்ஸ் செடிக்கு நான் உண்டாக்கித் தர வேண்டியது எது? அங்கே ஆறேழு மாதம் பனிப்போர்வைக்குக் கீழே, உறைநிலையை ஒட்டி, அசையாமல் கிடக்கிறது. பனி உருகும்போது தண்ணீர் பாறை இடுக்கு வழியே ஓடிவிடுகிறது; தண்டும் வேரும் சேரும் கழுத்தில் தேங்குவதில்லை. கோடையில் மழை பெய்தாலும் அந்த உயரத்தில் காற்று குளிர்ந்திருக்கிறது. சூடும் ஈரமும் கழுத்தில் ஒன்றுசேர்ந்து நிற்கும் நிலையை அது அறியவே அறியாது. அண்டர்பெர்க்கின் பிப்ரவரி அதைத்தான் கொடுக்கிறது.

ஆகவே கடுங்குளிரைத் தாங்கும் என்று அட்டையில் போடுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. வாங்குகிறவரின் கவலையை அந்த வரி தவறான மாதத்துக்குத் திருப்பிவிடுகிறது. டர்பனில் இருக்கும் என் கணவரின் தங்கை, தன் ஃபிரிட்ஜில் இரவு வைத்துப் பகலில் எடுத்தால் வளருமா என்று கேட்டாள். அட்டையை நம்பினால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். டர்பனில் வளராது, அவளுக்குக் கன்று கொடுக்க நான் மறுத்துவிட்டேன். கொஞ்சம் மனத்தாங்கல் ஆகிவிட்டது. ஆனால் கடற்கரை ஊரின் புழுக்கமான கோடை இரவில் அது படும் பாட்டை நான் அறிவேன்.

2022 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கணவர் எனக்கு ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தார். வீட்டின் தென்கிழக்கு மூலை. இந்தப் பாதி உலகத்தில் வெயில் வடக்கிலிருந்து வரும் என்பதால் தெற்குப்பக்கம்தான் நமக்கு நிழல். நான்கு மரக்கால், மேலே சாய்வாக ஒரு பாலிகார்பனேட் தகடு, நான்கு பக்கமும் திறப்பு. மழை மேலிருந்து விழக்கூடாது, காற்று எல்லாப் பக்கமும் போக வேண்டும்; இவ்வளவுதான் அந்தப் பந்தலின் வேலை. செடியை ஆழமான மண்தொட்டிக்கு மாற்றினேன். ஒரு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு மக்கிய இலை, இரண்டு பங்கு பொடிக்கல். இங்கே மண் புளிப்பு மண். பண்ணைக்காரர்கள் வயலுக்குத் தூவும் டோலமைட் சுண்ணாம்பில் ஒரு கைப்பிடி சேர்த்தேன். செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்கு வெறும் கல். அங்கே மண்ணே கிடையாது. தண்ணீரை மேலே ஊற்றுவதில்லை. தட்டில் ஊற்றி அரைமணி நேரம் தொட்டியை நிறுத்தி, மீதியைக் கொட்டிவிடுவேன். கோடையில் தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்திருந்தால்தான் தண்ணீர்.

மாற்றும்போது அடித்தண்டைப் பார்த்தேன். சுண்டுவிரல் பருமன், மரம்போல இறுகியது. அதன் நுனியில் ஓரங்குலம் பழுப்பு. நல்ல வேளை. கத்தியைத் தீயில் காட்டி, பழுப்பு போய் வெளிர் நிறம் தெரியும் வரை சீவினேன். முதல் துண்டில் நாற்றம் இருந்தது, மூன்றாவதில் பச்சைக் காரட் மணம் வந்தது. வெட்டுவாயில் கரித்தூள் தொட்டு, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு நட்டேன். மார்ச் மாதம் புது வேர் தொட்டியின் அடித் துளையில் எட்டிப் பார்த்தது.

புரட்டாசிப் பனி

2023 குளிர்காலத்தில் கோணிச்சாக்கு போர்த்தவில்லை. எடுக்க நினைத்த கையை அடக்கிக்கொள்வது எளிதாக இல்லை. ஏப்ரலில் பந்தலுக்கு வெளியே எடுத்து வைத்தேன். மே மாதம் வெளியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஜூனில் நடுவில் ஒரு வெள்ளை மொட்டாகக் குறுகி, கொட்டைப்பாக்கு அளவுக்கு இறுகிவிட்டது. அதன்மேல் உறைபனி உப்புபோலப் படிந்த காலைகளில் கிட்டப் போய்ப் பார்ப்பேன். மாவின் மேல் பனி தனித்தனிப் பரலாக நிற்கும். வெயில் ஏறியதும் உருண்டு போய்விடும். செப்டம்பரில் பூத்தது, பதினொரு பூக்கள்.

அதற்கடுத்த வருடம்தான் சோதனை. 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு பனி கொட்டத் தொடங்கியது. வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, வண்டிகளுக்குள் மக்கள் இரவு முழுவதும் மாட்டிக்கொண்டார்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மின்சாரம் போய்விட்டது. மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி எவ்வளவு பெரியது என்பது ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வேறெதை விட்டாலும் இந்த மாத விரதத்தை விடாத வீடுகள் இருக்கின்றன. ஆயா அந்த வாரம் எங்கள் வீட்டில் இருந்தார். எரிவாயு அடுப்பில் பொங்கலும் சுண்டலும் வைத்துக்கொண்டே, "உன் செடி?" என்று கேட்டார். அது பூத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தால் முற்றமே தெரியவில்லை. தொட்டி இருந்த இடம் ஒரு வெள்ளை மேடு.

தோண்டி எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம், மூடியிருக்கிறது இருக்கட்டும் என்றார் ஆயா. ஞாயிறு மதியம் பனி இறங்கத் தொடங்கியது. நான் தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். முதலில் பூங்காம்பு தெரிந்தது, பனியின் கனத்தில் தலைசாய்ந்து கல்லின் மேல் படுத்திருந்தது. இதழ்கள் கண்ணாடிபோல ஈரமாக, நிறம் கூடியது போல இருந்தன. திங்கள் காலையில் காம்பு பாதி எழுந்திருந்தது, மாலைக்குள் நிமிர்ந்துவிட்டது. பீச் மரத்தின் பூ அத்தனையும் கருகிக் கொட்டிவிட்டது, என் மொச்சை நாற்றுகள் எல்லாம் போயின. கரடிக்காதின் ஒரு பூவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆயா இரண்டு பூவைக் கிள்ளி பெருமாள் படத்துக்கு வைத்தார். கிள்ளுவதற்கு முன் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அதே ஆண்டு கன்றுகளும் வந்தன. தாய்த்தண்டின் பக்கத்தில் மூன்று. ஆனால் விதை மட்டும் மூன்று வருடமாகப் பிடிக்கவே இல்லை. காரணம் பூவுக்குள் இருந்தது. பிரிமுலாவில் இரண்டு வகைப் பூக்கள் உண்டு. ஒரு செடியில் சூலகமுடி குண்டூசித் தலைபோல குழாயின் வாயில் தெரியும், மகரந்தப் பைகள் உள்ளே பாதியில் இருக்கும். இன்னொரு செடியில் மகரந்தப் பைகள் வாயில், சூலகமுடி உள்ளே. ஒன்றின் மகரந்தம் மற்றதன் மேல் பட்டால்தான் நன்றாக விதை பிடிக்கும்; சார்லஸ் டார்வின் 1862இல் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். என்னுடையது ஊசித்தலை. அதன் கன்றுகளும் ஊசித்தலை. எத்தனை தொட்டி பெருகினாலும் எல்லாம் ஒரே செடி.

ஹிமெவில்லில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், பழைய தோட்டக்காரப் பெண்மணி ஒருவரிடம் மற்ற வகை இருப்பது பால் பண்ணை ஒன்றில் கணவர் காதில் விழுந்தது. 2025 செப்டம்பரில் போய்ப் பார்த்தேன். மஞ்சள் பூ, வாயில் மகரந்தம் திரண்டு நின்றது. குருத்தைப் பார்த்தேன்: உள்நோக்கிய சுருள். அவர் ஒரு பூவைத் தந்தார், நான் ஒரு கன்றைத் தந்தேன். வீட்டுக்கு வந்து தேங்காய் நாரில் ஒரு இழையைக் கிள்ளி அதன் நுனியில் மகரந்தத்தைத் தொட்டு என் பூக்களின் ஊசித்தலையில் தடவினேன். ஐந்தில் நான்கு பிடித்தது. ஜனவரி முதல் வாரத்தில் மிளகளவு காய்கள் பழுத்து நுனியில் வெடித்தன. உள்ளே கசகசாவைவிடக் கறுத்த விதைகள். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணால் மூடாமல், மெல்லிய பொடிக்கல் மேல் தூவிவைக்க வேண்டும். ஈரமான குளிர் ஒரு பருவம் பட வேண்டும். ஜூன் உறைபனிக்காகக் காகித உறையில் காத்திருக்கின்றன.

ஆயாவுக்கு ஒரு கன்று தருகிறேன் என்றேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோடைக்கு அது தாங்காது, இங்கேயே இருக்கட்டும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஹிமெவில் அம்மையாருக்குக் கொடுத்த தொட்டியில் பழைய பிளாஸ்டிக் அட்டையைப் பிடுங்கிவிட்டு, நானே ஒன்று எழுதிச் செருகினேன். அவருக்காக ஆங்கிலத்தில், பின்புறம் ஆயா சொல்லச் சொல்லத் தமிழிலும்: கரடிக்காது. மாவைத் துடைக்காதே. மாசியில் நனையவிடாதே. பனிக்குப் போர்த்தாதே.